மடையும் மாடியும்

கோலாரில் ஏற்றிய தக்காளி ராத்திரியோடு ராத்திரியாக ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடியைத் தாண்டி, எங்கள் ஊர்களை ஓரமாக விட்டுவிட்டு, கோயம்பேட்டில் போய் இறங்குகிறது. விடிந்ததும் சில்லறை வியாபாரிகள் அதைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி வந்து, படப்பையிலும் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் கூறு கட்டி விற்கிறார்கள். அதே கோயம்பேட்டிலிருந்து தண்ணீரும் வருகிறது. சென்னையின் கழிவுநீரைப் பல கட்டமாகச் சுத்திகரித்து, கடைசியில் ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை கொடுக்கக்கூடிய நிலையம் 2019-ல் அங்கே தொடங்கியது. அந்தத் தண்ணீர் குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு வந்து சேர்கிறது. நான் சிறுமியாக இருந்த காலத்தில் இதெல்லாம் நேர்மாறாக இருந்தது. தண்ணீர் எங்கள் ஏரியிலும் கிணற்றிலும் இருந்தது. தக்காளி எங்களிடமிருந்து பட்டணத்துக்குப் போனது.

இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பற்றிப் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். நிலத்தின் விலை, வேலைவாய்ப்பு, கார் ஏற்றுமதி என்று அந்தப் பேச்சு பெரிதாக நீளும். நான் சொல்ல வந்தது அதில் ஒரு சின்ன மூலை: வெயில் காலத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடுவது. அந்த வேலையை நான் மடையில் கற்றேன். இப்போது மாடியில் கற்றுக்கொடுக்கிறேன்.

எங்கள் நிலம் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏரியின் கீழே இருந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்பார்கள். ஏரி நிறைந்தால் சம்பா, தண்ணீர் மிஞ்சினால் நவரை. மதகுத் தண்ணீர் ஏறாத மேட்டுத் துண்டில், கிணற்றை நம்பி அப்பா தக்காளி வைப்பார். பி.கே.எம். 1 விதை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த ரகம். பழம் சற்றுத் தட்டையாக, காம்பைச் சுற்றிப் பச்சை மாறாமல், நல்ல புளிப்போடு இருக்கும். மழை விட்ட கார்த்திகைக் கடைசியில் நாற்றுவிட்டு, மார்கழியில் பிடுங்கி நடுவார். மாசிக் கடைசியில் முதல் பறிப்பு. பங்குனி முழுக்கக் கூடை கூடையாக வரும். சித்திரையில் கத்திரி வெயில் தொடங்குவதற்குள் பெரும்பகுதி பறித்து முடிந்திருக்கும். கூடைகள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும். வரத்து கூடினால் கொத்தவால்சாவடிக்கு. 1996-ல்தான் அந்தச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது.

நட்ட அன்றைக்கு ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். பிறகு வாரத்துக்கு ஒன்று; மாசி தாண்டி வெயில் ஏறினால் நாலைந்து நாளைக்கு ஒன்று. ஆனால் அப்பா நாளை மட்டும் எண்ணித் தண்ணீர் கட்டியதில்லை. பாரின் சரிவில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடிப்பார். உருண்டை நின்றால் அன்றைக்கு மோட்டார் போடமாட்டார். பொலபொலவென்று உதிர்ந்தால்தான் மடை திறக்கும். மேல்மண் வெளுத்ததைப் பார்த்து நான் அவசரப்பட்டால், "வேர் என்னா மேலயா படுத்துனு இருக்குது, பாப்பா?" என்று கேட்பார்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேல்மண்ணை நனைத்தால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சித்திரை வெயில் முதலில் சுடுவது அந்த மேல்மண்ணைத்தான். ஆழமாக நனைத்து, கொஞ்சம் காயவிட்டு, மறுபடி நனைத்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்ந்த செடி என்று எங்கள் பக்கம் சொல்வது இதைத்தான். செடி பாரின் பக்கவாட்டில் நிற்கும். தண்ணீர் வாய்க்காலில் ஓடும். பாரின் உயரத்தில் பாதிக்கு மேல் ஏறுவதற்குள் மடையைத் திருப்பிவிட வேண்டும். தண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் கழுத்து அழுகும், இலையில் பட்டால் நோய் பரவும். மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் எடுத்து இந்த மடையை அடைத்து அடுத்த மடையைத் திறப்பது என் வேலை.

அந்த வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடந்தது. பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்டு முறை வைத்துத்தான் வரும். பகலில் ஒரு பொழுது, ராத்திரியில் ஒரு பொழுது. ராத்திரி முறையில் அப்பா என்னை எழுப்பி, டார்ச்சைக் கையில் கொடுத்து அழைத்துப் போவார். குளிர்ந்த மண்ணில் குளிர்ந்த தண்ணீர் இறங்கும். பகலில் ஆவியாகிப் போகிற பங்கு ராத்திரியில் மண்ணுக்குள் தங்கும். கரண்டுக்காரன் வைத்த முறை எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. செடிக்கு அது சாதகமாக அமைந்தது.

வெயில் ஏற ஏற, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செடியெல்லாம் தலை தொங்கிக் கிடப்பதைப் பார்ப்பேன். பார்த்தால் நெஞ்சு பதறும். அப்பா அசையமாட்டார். "ரெண்டு மணிக்குத் தொங்கினா வெயிலுக்குத் தொங்குது. காலைல ஆறு மணிக்குத் தொங்கினா வந்து சொல்லு, மோட்டார் போடலாம்." உச்சி வெயிலில் இலை வெளியே விடுகிற நீரை அந்த வேகத்துக்கு வேரால் இழுத்துக் கொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை துவண்டுதான் போகும். துவண்டதால் அதன் மேல் விழும் வெயிலும் குறைகிறது. சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். அந்த நேரத்து வாட்டத்தைப் பார்த்துத் தினமும் தண்ணீர் கட்டினால் மண்ணில் காற்று இல்லாமல் வேர் மூச்சுமுட்டும். அப்போதும் செடி வாடும். அதைப் பார்த்து மறுபடி தண்ணீர் விட்டால் செடி போயே போய்விடும்.

காய் பிடித்த பிறகு அப்பாவின் கணக்கு மாறும். அப்போது காய்ச்சலை நீளவிடமாட்டார். ஒரு வாரம் காயப்போட்டு ஒரே நாளில் நிறையக் கட்டினால் பழம் வெடிக்கும். இன்னொரு கேடும் வரும்: காயின் அடிப்பக்கம் கறுத்து, அமுங்கி, தோல் போலாகும். பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். உண்மையில் காயின் அந்த முனைக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் நகரும். தண்ணீரில் பெரும்பங்கு இலைக்குப் போகும், காய்க்குப் போவது சொற்பம். வரத்து விட்டுவிட்டு நடந்தால் முதலில் பட்டினி கிடப்பது காயின் நுனிதான். இன்றைக்கு முட்டை ஓட்டைப் பொடிசெய்து போடுகிறார்கள். மண்ணில் சத்து இருக்கும்போதே தண்ணீர் ஒழுங்கு தவறினால் இது வரும் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு கோடையில் கிணறு கைவிட்டது. கொஞ்ச நேரம் இறைத்தால் குழாய் காற்றை இழுக்கும். அக்கம்பக்கத்தில் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அப்பா மேற்கு ஓரத்தில் சில பார்களை மட்டும் நிறுத்திக்கொண்டார். பெரிய காய்களைப் பறித்தார், நுனிகளைக் கிள்ளினார், வைக்கோலை வேரடியில் கனமாகப் பரப்பினார், பானையால் மொண்டு ஊற்றினார். "இப்ப காய் வேணாம், செடி இருக்கட்டும்" என்றார். மழை தொட்டதும் அந்தப் பார்களில் புதுத் துளிர் வந்து, பூ நின்று, வேறு யாரிடமும் தக்காளி இல்லாத நாளில் எங்களிடம் இருந்தது. கோடையில் தண்ணீர் எதற்காக விடுகிறோம் என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன்.

2000-களின் நடுவில் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. பணம் வந்தது. படப்பையில் வீடு கட்டினோம். வீட்டில் ஒருவருக்கு வேலையும் கிடைத்தது, அப்பாவுக்குத்தான். ஒரு கம்பெனி வளாகத்தில் ஒப்பந்தத் தோட்டக்காரர். காக்கிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, மூன்று பூட்டுள்ள கேட். மடை திருப்பிய கை புல்வெளிக்கு வால்வு திருப்பியது.

அந்த வளாகத்தில்தான் அவர் முதல்முறையாகச் சொட்டுநீர்க் குழாயைக் கையில் தொட்டுப் பார்த்தார். பூச்செடி வரிசைகளில் கறுப்புக் குழாய், அதில் மணிக்கு நாலு லிட்டர் விடும் சொட்டுவான்கள், விடிகாலையில் தானாகத் திறந்து தானாக மூடும் வால்வு. 1960-களில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், தண்ணீர் இல்லாத ஒரு குடியிருப்பு உற்பத்தி செய்யத் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய பொருள் அது. ஒரு மணி நேரம் ஓடினால் நாலு லிட்டரும் வேரடியில்; வாய்க்காலில் சுவறுவது இல்லை, வரப்பில் கசிவது இல்லை. வீட்டுக்கு வந்து அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இது அன்னிக்கு நம்ம கையில இருந்திருந்தா அந்தக் கிணறே போதும், பாப்பா." இன்றைக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். நல்ல திட்டம். இன்னும் நிலம் வைத்திருப்பவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் அப்பாவுக்கு அது வந்து சேர்ந்தபோது அவரிடம் நிலம் இல்லை, புல்வெளிதான் இருந்தது. அந்தப் புல்லையும் அவர் தக்காளியைப் பார்த்துக்கொண்ட மாதிரியே பார்த்துக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டு மாடி அறைகளில் தங்கியிருப்பது எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலைசெய்யும் பெண்பிள்ளைகள். தேனி, ராமநாதபுரம், விழுப்புரம் என்று பல ஊர். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசாங்கம் சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அந்த மாதம் இந்தப் பிள்ளைகள் புளிக்கரைசலில் குழம்பு வைத்தார்கள். அடுத்த கோடையில் மொட்டைமாடியில் பெயிண்டு வாளிகளும் வளர்ப்புப் பைகளும் முளைத்தன. உள்ளே தென்னைநார்க் கழிவு, தொழுவுரம், தக்காளி நாற்று. பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

சித்திரை பிறந்ததும் ஒரு பிள்ளை கீழே வந்து நின்றாள். "அக்கா, ரெண்டு நேரமும் தண்ணி ஊத்துறோம். அப்படியும் வாடுது. பூவும் கொட்டுது."

"எப்ப ஊத்துறீங்கம்மா?"

"ஷிப்டு முடிஞ்சு வந்ததும். மூணு, மூணரைக்கு."

குழாயைத் திறந்து என் கையை நீட்டிப் பார்த்தேன். சின்டெக்ஸ் தொட்டியில் காலையிலிருந்து காய்ந்த தண்ணீர், மாடித் தளத்தில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் குழாய். விரல் பொறுக்காத சூடு. அதைத்தான் அவர்கள் அன்போடு வேரடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையில் விரலை விட்டேன். மேலே சேறு, இரண்டு விரல் ஆழத்தில் உலர்ந்த நார். தென்னைநார்க் கழிவு ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே வாங்காது. ஊற்றியதெல்லாம் பையின் ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். பார்க்கிறவருக்குத் தண்ணீர் வெளியேறுகிறது, போதும் என்று தோன்றும். நடுவில் வேர் தாகத்தில் இருக்கும்.

அன்று சாயங்காலம் அவர்களை உட்காரவைத்துச் சொன்னேன். தரையில் நிற்கும் செடிக்குச் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும் பைக்கு அப்படியே பொருந்தாது. தரைச் செடியின் வேருக்குக் கீழே இறங்க இடமுண்டு. பத்துப் பதினைந்து லிட்டர் பைக்குள் இருக்கும் வேருக்கு அந்தப் பைதான் உலகம். அதனால் கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும், அதுவும் விடிவதற்கு முன்னாலோ விடிந்த உடனோ. முதலில் ஒரு குவளை ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். பிறகு மெதுவாக, அடியில் கசியும்வரை ஊற்றி நிறுத்துங்கள். சாயங்காலம் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள், காய்ந்திருந்தால் வெயில் தாழ்ந்து குழாய்ச் சூடு தணிந்த பிறகு பாதி அளவு கொடுங்கள். பையைச் சிமெண்டுத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வேரடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போடுங்கள். மத்தியானம் மட்டுமாவது நிழல்வலை இருக்கட்டும்.

குடிதண்ணீர் இயந்திரத்தின் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விட்டு அதையும் செடிக்குச் சேமித்திருந்தார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் எங்கள் தெரு ஆழ்துளைத் தண்ணீரே உப்பு; அந்த வாளியில் இருப்பது அந்த உப்பு இன்னும் கூடிய தண்ணீர். சில நாளிலேயே பையின் விளிம்பில் வெள்ளை பூத்திருந்தது. அது தரை கழுவுவதற்கு ஆகட்டும், தக்காளிக்கு வேண்டாம் என்றேன். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் செடிக்கு அமிர்தம்.

பூ கொட்டுவதற்குத் தண்ணீர் மருந்தாகாது. இதைச் சொன்னபோதுதான் பிள்ளைகளின் முகம் வாடியது. தக்காளியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். பகல் எவ்வளவு சுட்டாலும் ராத்திரி குளிர வேண்டும் அதற்கு. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெடும், பூ உதிரும். பிடித்த காயும் சரியாகச் சிவக்காமல் மஞ்சளாக நிற்கும். 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி தொட்டதைச் சொல்லித் திரிகிறோம். தக்காளியைத் தோற்கடிப்பதில் அந்த உச்சப் பகலுக்கு இருக்கும் பங்கு, புழுங்கும் சாதாரண மே மாத ராத்திரிக்கும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 முதல் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் மதனப்பள்ளிக்கும் கோலாருக்கும் கோடை ராத்திரியிலும் குளிர்ச்சி உண்டு. அதனால்தான் லாரி அங்கிருந்து வருகிறது. எங்கள் பெரியவர்கள் கத்திரிக்கு முன்பே பறிப்பை முடித்ததும் அதனால்தான். அவர்களிடம் வெப்பமானி இல்லை, பஞ்சாங்கம் இருந்தது, செடியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இருந்தது.

இதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அன்று கரண்டின் முறை எங்களை ராத்திரியில் எழுப்பித் தக்காளிக்குத் தண்ணீர் கட்ட வைத்தது. இன்று அந்த வேலையை ஷிப்டு முறை செய்கிறது. மூன்று ஷிப்டிலும் ஆள் இருக்கிற வீடு இது. ராத்திரி ஷிப்டு முடிந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளை, வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போய் ஊற்றிவிட்டுத்தான் படுக்கிறாள். பகல் ஷிப்டுக்காரி சாயங்காலம் விரல் விட்டுப் பார்க்கிறாள். மாதம் தோறும் முறை மாறும்போது கதவில் ஒட்டிய தாளில் பெயர் மாறுகிறது. செடிக்கு நேரம் தவறுவதில்லை. கம்பெனிப் புல்வெளிக்குத் தானியங்கி வால்வு எதைச் செய்கிறதோ அதை இவர்கள் ஒரு பிளாஸ்டிக் குவளையால் செய்கிறார்கள். கூடவே மண்ணைத் தொட்டும் பார்க்கிறார்கள்.

தொழிற்சாலைக்குச் சுத்திகரித்த தண்ணீர் வருவதில் எனக்கு மனக்குறை இல்லை. அந்த அளவுக்கு ஏரியும் நிலத்தடி நீரும் மிச்சம். ஆனால் அந்த இயந்திரங்களை இயக்கும் பிள்ளைகள் தங்குகிற வீடுகளும் விடுதிகளும் கோடையில் லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கின்றன. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு விடுதியிலும் மழைநீர்த் தொட்டியும், மாடியில் நாலு செடி வைக்க நிழலும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். ஊரிலிருந்து விவசாயத்தைக் கையில் கொண்டுவந்த பிள்ளைகள் இவர்கள். அந்தக் கை சும்மா இருந்தால் ஒரு தலைமுறையில் மறந்துவிடும்.

மே மாதத்தில் பூ கொட்டினதும் செடி உதவாது என்று பிடுங்கி எறிகிறவர்கள்தான் அதிகம். பிடுங்காதீர்கள். நோய் தொடாத செடியாக இருந்தால் நீண்ட கிளைகளை வெட்டுங்கள், நிழல் கொடுங்கள், வேரடியை மூடுங்கள், விடிகாலையில் தண்ணீர் கொடுங்கள். கத்திரி முடியும்வரை காயை எதிர்பார்க்காதீர்கள். செடி உயிரோடு இருந்தால், மழை தொட்டுக் காற்று மாறியதும் பூ நிற்கும்.